எண்ணெய் போடாத வெள்ளிக்கிழமை

1

பழனியில் பஞ்சாமிர்தக் கடையும், அதன் மாடியில் ஒரு மாதப் பத்திரிகையும் நடத்தும் நண்பர் எனக்கு எழுதியிருந்தார். "சீமைக்குப் போய் ஏழு வருஷம் ஆகப்போகிறதே, நம் வாசகர்களுக்கு அனுபவம் எழுதுங்கள். பனி, ரயில், அந்த ஊர்க்காரர்களின் பழக்கவழக்கம், எதுவானாலும் இனிப்பாக இருக்கட்டும்" என்று. இனிப்புக்கு அவர் கடையில் பஞ்சமில்லை. என்னிடம் இருக்கிற சரக்கு வேறு. அதைப் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர் பாடு.

நான் பர்மிங்ஹாமில் வந்து இறங்கி ஏழு வருஷம் நிறைந்த நாள் ஒரு சனிக்கிழமை. பெரியவன் தண்டபாணிக்குப் பூட்ஸ் வாங்கக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ஓர் ஏலக் கடையில் கூட்டம். எட்டிப் பார்த்தேன். பழைய ஏர் பிஸ்டல் ஒன்றின் அட்டைப் பெட்டி ஏலத்துக்கு வந்திருந்தது. ஏர் பிஸ்டல் என்றால், திருவிழாவில் பலூன் சுடுகிற துப்பாக்கி இருக்கிறதே, அதன் தம்பி. மருந்து கிடையாது, புகை கிடையாது. உள்ளே இருக்கிற சுருள்வில் காற்றை அழுத்தித் தள்ளும், மிளகை விடக் கொஞ்சம் பெரிய ஈயக்குண்டு பறக்கும். காக்காய் சாகாது, பயந்து வேறு மரத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

ஏலத்துக்கு வந்தது அந்தப் பிஸ்டல்கூட இல்லை, அதன் காலிப் பெட்டி. இரண்டு பேர் முகம் சிவக்கப் போட்டி போட்டுக் கேட்டார்கள். ஒருவன் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தான். பிஸ்டலையே வாங்கிவிடக்கூடிய விலைக்கு அந்த வெறும் அட்டை போயிற்று. வெளியே வந்து நடைபாதை ஓரத்தில் காறித் துப்பினேன். "அப்பா, இங்கே துப்பக் கூடாது" என்று பையன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என்னைத் தெரியாதவன் போல நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

அந்த அட்டைக்கு ஏன் அந்த விலை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷம் அந்தத் தொழிலில்தான் சாப்பிட்டேன். என் மூத்த மகள் வள்ளியம்மாவை அந்தத் தொழிலில்தான் தொலைத்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

2

பழைய ஏர் பிஸ்டலுக்கு விலை மதிப்பது எப்படி என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். முதலில் மெருகு. இரும்புக்கு ஆலையிலேயே மயில் கழுத்து மாதிரி ஒரு கருநீலம் ஏற்றியிருப்பார்கள். அது எவ்வளவு மிச்சம் என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தேய்ந்து போனதற்கு விலை குறையும், புதிதாக நீலம் ஏற்றியிருந்தால் இன்னும் குறையும். அடுத்தது திருகாணி. அதன் தலையில் உள்ள கோடு சிதைந்திருந்தால் எவனோ தெரியாதவன் கழற்றியிருக்கிறான். அப்புறம் இரும்பில் குத்தியிருக்கும் எண், பிடியின் மரம், உள்ளே இருக்கும் தோல் வளையம். இதெல்லாம் பார்த்து முடித்த பிறகும், சுட்டால் சுடுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டவனை நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது, காகிதம். இந்தப் பிஸ்டல் யாரிடம் இருந்தது, எந்த வருஷம் வாங்கினார், எந்த ஊரில் வைத்திருந்தார், அதற்கு அத்தாட்சி உண்டா? கடை ரசீது, பழைய கடிதம், எதுவானாலும் சரி. காகிதம் இருந்தால் விலை இரண்டு மூன்று பங்கு ஏறும். காகிதம் இல்லாத பிஸ்டல், எவ்வளவு நல்லதானாலும், அனாதை.

பர்மிங்ஹாமில் பழைய பிஸ்டல் கடை வைத்திருந்த என் முதலாளி எந்நேரமும் தலையில் தொப்பியும் வாயில் பெப்பர்மின்ட்டுமாக இருப்பார். கடைக்கு அடிக்கடி விதவைகள் வருவார்கள். செத்துப்போன புருஷன் ஆசை ஆசையாகச் சேர்த்ததைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, என்ன பெறும் என்று கேட்பார்கள். முதலாளி பெருமூச்சு விட்டு, "உங்கள் வீட்டுக்காரரை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் அம்மா" என்பார். நான் பின்னால் நின்று உதட்டைப் பிதுக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம். அந்த அம்மாள் முதலாளியை நம்ப மாட்டாள், என் உதட்டை நம்புவாள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு, நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவாள். நினைத்தால் இப்போதும் என் உதட்டைக் கல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும் போல இருக்கிறது.

3

இந்தப் பாழும் வித்தையை நான் கற்றது கொடைக்கானலில். எங்கள் ஊர் கவுஞ்சி. அண்ணன் மாயாண்டி உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிறவர். நான் எட்டாவது வரை படித்து, கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்தால், கொடைக்கானலில் ஒரு துரையின் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தேன். சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. துரைக்கு முதல் யுத்தத்தில் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. இடது கையால் சுடுவார், குறி தப்பாது. எழுதத்தான் வராது. எழுதுவது என் சோலி.

பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷன். இருபத்து நாலு ஏர் பிஸ்டல் வைத்திருந்தார், கண்ணாடி அலமாரியில் வரிசையாக. கொடைக்கானலில் கண்ணாடி அலமாரி என்ன செய்யும்? மேகம் நேராகக் கூடத்துக்குள் வந்து உட்காரும். ஆடியில் அரிசியே பூத்துப்போகிற இடத்தில் இரும்பு என்ன பாடுபடும்! அதனால் வெள்ளிக்கிழமை தோறும் இருபத்து நாலுக்கும் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். துடைத்ததும் தடித்த நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை தவறினால், ஏன் தவறியது என்று காரணத்தை நானே என் கையால் எழுத வேண்டும். சாக்குச் சொல்லலாம், எழுதும்போதுதான் மனுஷனுக்குக் கூசும் என்பார். நோட்டில் கையெழுத்துப் போடுங்கள் துரை என்று ஒருதரம் கேட்டேன். "உன் எழுத்தே போதும் சுப்பையா" என்றார்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசி. பிரசவத்துக்குக் கவுஞ்சி போயிருந்த என் மனைவி பழனியம்மாவுக்கு வலி கண்டுவிட்டது என்று வியாழக்கிழமை ஆள் வந்து சொன்னான். வெள்ளிக்கிழமை வெள்ளனே எழுந்து, கொட்டுகிற மழையில் நடந்தேன். பஸ்ஸாவது ஒன்றாவது. பூம்பாறை தாண்டியதும் காலில் அட்டை ஏறி ரத்தமாக வழிந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. வியாழனே பிறந்துவிட்டாளாம் வள்ளி. கறுகறுவென்று தலை நிறைய முடி. என் ஈர விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

திங்கட்கிழமை திரும்பி வந்தேன். துரை ஒரு கம்பளியை எடுத்துக் கொடுத்தார், நோட்டையும் எடுத்துக் கொடுத்தார். நான் எழுதினேன்: "வெள்ளிக்கிழமை எண்ணெய் போடவில்லை. காரணம், முந்தின நாள் கவுஞ்சியில் சுப்பையாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது." தேதி போட்டேன். எழுதும்போது எனக்குக் கூசவில்லை, சிரிப்பாக இருந்தது.

அந்தப் பிறப்பை வேறு எங்கும் யாரும் எழுதி வைக்கவில்லை. கிராம முன்சீப்பிடம் சொல்லிப் பதிய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பூண்டு நடவு, மழை, பெண் பிள்ளை. யார் போவார்? ஜாதகமாவது எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளைகளுக்குத்தான் எழுதினார்கள்.

4

துரை ஒரு சமயம் கண் வைத்தியத்துக்கு மதராஸ் போயிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. நான் பழனிக்கு என் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பழனியம்மா பங்களாவுக்குப் பின்னால் இருந்த எங்கள் குடியிருப்பில் அரிவாள், கடப்பாரை, அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தாள். வைத்தவளுக்கு மனசு கேட்கவில்லை. நம் வீட்டு அரிவாளுக்குப் பூஜை உண்டு, சோறு போடுகிறவர் ஆயுதத்துக்கு இல்லையா என்று அலமாரியைத் திறந்து, முன்வரிசையில் இருந்த கனமான ஜெர்மன் பிஸ்டலை எடுத்தாள். பெரியதுதான் மூத்தது, அதற்குச் செய்தால் எல்லாவற்றுக்கும் செய்த மாதிரி என்று அவள் கணக்கு. புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு தேய்க்கிற தேய்ப்பு தேய்த்தாள். கருநீலம் முழுக்கக் கரைந்து, வெள்ளை வெளேரென்று ஆனதும் மேலே விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். பூசணிக்காய் வேறு உடைத்திருக்கிறாள்.

நான் வந்து பார்த்தபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "அடிப் பாவி, என்ன பண்ணி வச்சிருக்க?"

"அழுக்கா கெடந்துச்சுங்க. கருகருன்னு. இப்பப் பாருங்க, எப்படி இருக்குன்னு!"

துரை திரும்பி வந்து அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரு குளிப்பாட்டினது?" என்றார், அவருடைய தமிழில். பழனியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "எழுது" என்றார். எழுதினேன். பூஜை, புளி, சாம்பல், பூசணிக்காய் எல்லாம் நோட்டில் ஏறியது.

5

ஐம்பத்தொன்பதில் துரை பங்களாவை விற்றுவிட்டுப் பிஸ்டல்களோடு சீமைக்குத் திரும்பினார். அடுத்த இரண்டு வருஷம் நான் பெருமாள்மலையில் ஒரு மண்டியில் பில் எழுதினேன். துரைக்கு ஒரு கடிதம் போட்டதில், அவர் பர்மிங்ஹாமில் தனக்குத் தெரிந்த பிஸ்டல் வியாபாரிக்கு என்னைச் சிபாரிசு செய்தார். அப்போதெல்லாம் இங்கே வருவதற்குக் கெடுபிடி இல்லை. அப்படித்தான் தொப்பி முதலாளியிடம் சேர்ந்தேன். மூன்று வருஷம் கழித்துப் பழனியம்மாவையும் இரண்டு பையன்களையும் வரவழைத்தேன்.

அடுத்த வருஷம் துரை இறந்தார். அவருடைய அக்காள் மகள் பிஸ்டல்களை மொத்தமாக எங்கள் கடைக்கே விற்றாள். பெட்டியோடு நோட்டும் வந்தது. முதலாளி அந்த ஜெர்மன் பிஸ்டலை எடுத்துப் பார்த்து, "சொறி நாய்" என்று ஒதுக்கிப் போட்டார். பழைய ஞாபகத்தில் நான் சிரித்துக்கொண்டே நோட்டைப் பிரித்து, பூஜைக் கதையைக் காட்டினேன். அந்தச் சிரிப்புதான் எனக்கு வினை. மறு வாரம் அந்தச் சொறி நாய், நோட்டில் உள்ள கதையைச் சொல்லியே, நல்ல மெருகுள்ள பிஸ்டலை விட இரண்டு பங்குக்கு விலை பேசப்பட்டது. என் பெண்டாட்டி செய்த தப்பை ஒரு கூட்டம் சுற்றி நின்று "ஆஹா" என்றது.

முதலாளிக்கு அன்று ஞானம் பிறந்தது. கடையில் போணியாகாமல் ஏழு பிஸ்டல் கிடந்தன. சாதாரணச் சரக்கு. கதவைச் சாத்திவிட்டு நோட்டை என் முன்னால் வைத்தார்.

"இதில் இருப்பது உன் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"பக்கத்துக்குப் பக்கம் அடியில் இடம் விட்டிருக்கிறாய். இந்த ஏழு பிஸ்டலையும் உன் துரை அங்கே வாங்கியதாக எழுது. கதை நன்றாக இருக்கட்டும்."

நான் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. மசியில் தேயிலைத் தண்ணீர் கலந்தால் பழசாகத் தெரியும் என்று யோசனை சொன்னவனே நான். கூக்கால் ஏரிக்கரையில் பன்றி விரட்டினது ஒன்று, பேரிக்காய்த் தோட்டத்தில் குரங்கு விரட்டினது ஒன்று, ஒரு பாதிரியார் சீட்டாட்டத்தில் தோற்றுக் கொடுத்தது ஒன்று என்று ஏழு கதை கட்டினேன். எழுத எழுத எனக்குக் குஷி பிறந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பக்கங்களைப் புரட்டும்போது வள்ளி பிறந்த வரியும் கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போய்ப் பழனியம்மாவிடம் அதையும் சொல்லிச் சிரித்தேன்.

முப்பத்தொரு பிஸ்டலும் நோட்டும் ஒன்றாக, ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டருக்கு விற்கப்பட்டன. முதலாளி எனக்கு ஐந்து பவுன் பணமும் கிறிஸ்துமஸுக்கு ஒரு வான்கோழியும் கொடுத்தார். வான்கோழியை வீட்டில் யாருக்கும் சமைக்கத் தெரியவில்லை.

6

வள்ளியை ஏன் அப்போதே கூட்டி வரவில்லை? டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை என்று ஊருக்கு எழுதினேன். உண்மை அது மட்டும் இல்லை. பெரியவளாகப் போகிற பெண்ணை இந்த ஊரில் எப்படி வளர்ப்பது என்று நாங்கள் இருவருமே பயந்தோம். அண்ணனுக்கும் பெண் பிள்ளை இல்லை, மதினிக்கு வீட்டு வேலைக்கு ஒரு கை வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கவுஞ்சியில் நின்றுகொண்டாள். இங்கே வந்த பையன்களுக்கு இரண்டு வருஷத்தில் தமிழ் கழன்று போயிற்று. சின்னவன் வேலு அக்காள் என்று சொல்வதை விட்டுவிட்டான். "போட்டோவில் இருக்கிற பெண்" என்பான். பழனியம்மா அவன் முதுகில் ஒன்று வைப்பாள். அவனுக்கு எதற்கு அடி என்று புரியாது.

போன வருஷம் தொடக்கத்தில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. "நம்ம வள்ளிய, உன் மதினி தம்பி தங்கராசுக்குக் கேக்குறாக. பெருமாள்மலையில லாரி வச்சிருக்காரு. பூண்டு லோடு அடிக்கிறதுல நல்ல வருமானம். வயசு முப்பத்தி நாலு. மூத்த தாரம் போன ஆடியில தவறிப்போச்சு, பிள்ளை குட்டி இல்ல. நீ வெரசா ஒரு வார்த்தை எழுது." அந்த உறைக்குள்ளேயே நாலாக மடித்து வள்ளியின் துண்டுக் காகிதம். "அப்பா, எனக்கு அவுக வேணாம். என்னய அங்க கூப்பிட்டுக்கங்க. உங்களுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு ஒரு மூலையில கெடக்கேன்."

பழனியம்மா அந்தத் துண்டை வைத்துக்கொண்டு அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். "ஏங்க, எம் பிள்ள ஏங்க மூலையில கெடக்கணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

இதற்குள் இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதினாறு வயது முடியாத பிள்ளைகளைத்தான் பெற்றோரிடம் சேர விடுவார்கள். வள்ளிக்குப் பதினாறு முடிய இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. மனுப் போட்டேன். வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். இருந்த ஒரே அத்தாட்சி கொடைக்கானல் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்.

அதன் கதை இது. வள்ளிக்கு நாலரை வயதில் காலை நேரமெல்லாம் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஏரிப் பக்கம் ஓடிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டால் நிம்மதி என்று கூட்டிப் போனேன். ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்றார் தலைமை வாத்தியார்.

"கையத் தலைக்கு மேல கொண்டு போயி, அந்தப் பக்கத்துக் காதத் தொடு பாப்பா."

தொட்டால் ஐந்து முடிந்தது என்று அர்த்தம். வள்ளிக்கு எட்டவில்லை. "தலையச் சாய்டா தங்கம்" என்று பின்னால் நின்று கிசுகிசுத்தேன். சாய்த்தாள், தொட்டுவிட்டாள். வாத்தியார் பார்த்துச் சிரித்துவிட்டு, "சரிங்க, பொறந்த தேதிய நீங்களே சொல்லுங்க" என்றார். ஒரு வருஷத்துக்கு மேலேயே கூட்டி, ஜூன் மாதத்தில் ஒரு தேதி சொன்னேன். ஊரில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்திருக்கிறார்கள். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கணக்கில் அவளுக்குப் பதினாறு முடிந்து பல மாதம் ஆகியிருந்தது.

வள்ளியை மதராஸில் இருக்கிற பிரிட்டிஷ் ஆபீசுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கவுஞ்சியிலிருந்து மலை இறங்கி, இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து, அண்ணனோடு போனாள். மனுவில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி, இதில் எது பொய் என்று கேட்டிருக்கிறார்கள். "ரெண்டும் எங்க அப்பா சொன்னதுதாங்க" என்று சொன்னாளாம். மனு தள்ளுபடி. வேறு நம்பகமான எழுத்து அத்தாட்சி இருந்தால் பரிசீலிக்கப்படும் என்று கடைசி வரி.

7

துரையின் நோட்டு. இந்த உலகத்தில் என் மகள் பிறந்த தேதி அந்த ஓர் இடத்தில்தான் எழுதியிருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றியதை நான் பார்த்தது அன்றுதான். "அந்த நோட்டை அரசாங்க ஆபீசுக்கு எடுத்துப் போகிறாயா? பைத்தியமா உனக்கு?" என்றார். நான் அவரிடம் மேற்கொண்டு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளை மீசை வைத்த ஒல்லியான மனுஷன். என்னைப் பார்த்ததும், "நோட்டை எழுதிய சுப்பையாவா!" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிஸ்டல்களைப் பச்சைத் துணி விரித்த இழுப்பறைகளில் வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் வரிகளை அழகாகப் பெயர்த்து எழுதிய அட்டை. கூக்கால் பன்றிக் கதையை எனக்கே சொல்லிக் காட்டினார். நான் தலையாட்டினேன். டீயும் கேக்கும் வந்தன.

வள்ளி விஷயத்தைச் சொன்னேன். உடனே நோட்டை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்து அந்த வரியைக் கண்டுபிடித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிஸ்டல் கதை எத்தனை இருந்தால் என்ன? இந்த நோட்டிலேயே நல்ல வரி இதுதான்" என்றார். மாஜிஸ்திரேட் முன்னால் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லி, அப்போதே காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: "இந்த நோட்டில் உள்ள ஒவ்வொரு பதிவும் அந்தந்தத் தேதியில் உண்மையாக எழுதப்பட்டது என்று நான் நம்புகிறேன்." பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட வேண்டும்.

பேனாவை வாங்கினேன். ஆபீசில் மசியைச் சோதிப்பார்களோ, ஒரு பொய் தெரிந்தால் வள்ளியை வந்து இறங்கிய இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ, இந்த நல்ல மனுஷனை ஜெயிலில் போடுவார்களோ என்று நினைத்து அதைக் கீழே வைத்தேன். நேர்மையால் சொன்னேன் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பயத்தால்தான் சொன்னேன்.

"ஐயா, இதில் ஏழு பதிவு பொய்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த ஏழு?" என்றார். ஒவ்வொன்றாகக் காட்டினேன். காட்டக் காட்ட அந்தந்தப் பிஸ்டலை இழுப்பறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். பாதிரியார் தோற்ற பிஸ்டலை வைக்கும்போது மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஏழும் வரிசையாகக் கிடந்தன. பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்து, வள்ளி பிறந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"இது எட்டாவதா?"

"இல்லை ஐயா. இது நிஜம். என் மகள்மேல் சத்தியம்."

"எழுத்து ஒன்றுதானே. மசியும் ஒன்று போலத்தான் தெரிகிறது. நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது, சொல்லுங்கள்."

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே என்னிடம் வழி கேட்டார். பதினோரு வருஷம் எழுதியவன், ஆறு வருஷம் பழைய சாமானில் அசல் எது போலி எது என்று பார்த்தவன், எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. எழுதிய காகிதத்தை அவர் கிழிக்கவில்லை, மடித்து ஓரமாக வைத்தார். வாசல் வரை வந்து என் கோட்டைப் பிடித்து மாட்டியும் விட்டார். அடித்திருந்தால் தேவலை.

8

ஏழு பிஸ்டலும் கடைக்குத் திரும்பி வந்தன. முதலாளி டாக்டருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இனி உன் கையெழுத்து எனக்கு உதவாது" என்றார். அது ஒன்றுதான் அந்த ஆள் என்னிடம் சொன்ன நிஜம். இப்போது ரொட்டிச் சாலையில் தட்டுக் கழுவுகிறேன். அந்த ஏழு பிஸ்டலையும் அவர் வேறு எவன் கையெழுத்திலாவது விற்றிருப்பார்.

அண்ணனுக்கு நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என்ன எழுதுவது? எழுதாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த வருஷம் தை மாதம் வள்ளிக்கும் தங்கராசுக்கும் பழனியில் கல்யாணம். மஞ்சள் தடவிய பத்திரிகை முகூர்த்தம் முடிந்து ஒன்பது நாள் கழித்து இங்கே வந்தது. பழனியம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து என்னிடம் அவசியத்துக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

ஏலக் கடையில் நான் துப்பினது அந்தப் பெட்டியை மோந்தவனைப் பார்த்து என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். அவனாவது தன் காசைக் கொடுத்து அட்டை வாங்கினான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, இந்த வாரம் வள்ளியிடமிருந்து கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் எழுதும் முதல் கடிதம். என்மேல் ஒரு குறையும் எழுதவில்லை. தம்பிகளுக்குக் குளிருக்கு நல்ல சட்டை இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். மழையில் மலை ரோடு சரிந்ததை எழுதியிருந்தாள். அப்புறம் இது:

"போன புதன்கெழம எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு. நல்லா இருக்கா. நாலாம் நாளே பிள்ளையத் தூக்கிக்கிட்டு லாரியில முன்சீப்பு வீட்டுக்குப் போயிப் பதிஞ்சுட்டேன். ஒடம்பு தேறட்டும், அப்புறம் போவோம்னு அவுக சொன்னாக, நான் கேக்கல. சீட்டு வாங்கிப் பெட்டியில வச்சிருக்கேன். பேரு இன்னும் வைக்கலப்பா. தேதி மட்டும் எழுதியாச்சு."